நீங்கள் கேட்டவை: ஏ.சி கூடத்தில் காய்ந்துபோகும் முகம்

''மூன்று கறவை மாடுகளும், ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிறோம். என் மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், ஏ.சி கூடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். ஒரு வருஷமாக அவள் முகமும் கைகளும் சாம்பல் பூத்ததுபோலப் பொலிவில்லாமல் இருக்கின்றன. கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லி, ஒரு கிரீம் பூசுகிறாள். ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஆனால், இரண்டு நாள் பூசாவிட்டால் சிவந்து எரிகிறது. எங்கள் வரப்பில் சோற்றுக் கற்றாழை நிறைய இருக்கிறது. அதைப் பூசலாமா?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேரப்பணஞ்சேரி.

கற்றாழைக்குப் பிறகு வருகிறேன் அம்மா. முதலில் அந்த கிரீம்.

ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆவதும், நிறுத்தினால் எரிவதும் ஸ்டீராய்டு கலந்த பூச்சின் குணம். டியூபை எடுத்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். இவை நல்ல மருந்துகள்தான். ஆனால், மருத்துவர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரைக்கும்தான். அழகுக்காக மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பருவும் ரோமமும் முளைக்கும். 2018-ம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சுகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை.

டியூபில் தயாரிப்பாளர் முகவரியோ, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமோ இல்லையென்றால் இன்னும் மோசம். அது பாதரசம் கலந்ததாக இருக்கலாம். கேரளாவில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது அந்த நோயிலேயே அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. உங்கள் மகளுக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் அடங்காத நுரையோ இருந்தால் ஒருநாள்கூட தள்ளிப்போடாதீர்கள். அவை இல்லாவிட்டாலும், டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஸ்டீராய்டு என்றால் எப்படி விடுவது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

இனி, சாம்பல் பூத்த விஷயம். இது நோயல்ல, பெரும்பாலும் நீர் வற்றிய தோல். நம் மேல்தோலில் செத்த செல்கள் செங்கல்போல அடுக்கியிருக்கின்றன. இடையில் பூச்சுக் கலவையாக இருப்பது கொழுப்பு. அந்தக் கொழுப்பு கரைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் காற்றோடு போய்விடும். ஏ.சி-யின் பின்பக்கக் குழாயில் சொட்டுகிற தண்ணீர், அறைக் காற்றிலிருந்து பிரிந்த ஈரம்தான். எட்டு மணி நேரம் அந்தக் காய்ந்த காற்றில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து வெந்நீரில் சோப்பு தேய்த்துக் குளித்தால் மிச்சமிருக்கும் கொழுப்பும் போய்விடுகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக அலசுப்படாமல் தோலிலேயே படியும். ஈரம் போன செல்கள் ஓரம் தூக்கி நிற்பதால் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்பாது. பொலிவு போவது இப்படித்தான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்பார்கள். தாகம் தீரக் குடித்தால் போதும். ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பி என்ன பயன்?

அடைப்பது சுலபம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, சோப்பை அக்குள், கால் இடுக்கு போன்ற இடங்களோடு நிறுத்தச் சொல்லுங்கள். துண்டால் ஒற்றிவிட்டு, தோலில் ஈரம் இருக்கும்போதே கை, கால்களில் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவ வேண்டும். தண்ணீர் பாய்ச்சிய பிறகு மூடாக்கு போடுவதைப்போல. காய்ந்த தோலில் தடவினால் பூட்டிவைக்க உள்ளே ஈரமே இருக்காது. முகத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம், பரு வரலாம். மருத்துவர் சொல்கிற ஈரப்பூச்சு போதும். பயத்தமாவை அழுத்தித் தேய்ப்பது, எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போவது இரண்டும் கூடாது. பின்னது தோலைக் கருக்கிவிடும்.

கற்றாழையைத் தாராளமாகப் பூசலாம், ஆனால், இப்போது முகத்தில் வேண்டாம். எரிச்சல் முழுசாக அடங்கட்டும். மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் தோலை அரிக்கும். மடலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து அதை வடியவிட்டு, உள் சோற்றை மட்டும் இரண்டு மூன்று முறை அலசி எடுங்கள். முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் கை, கால்களில் பூசலாம். சோறு பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் அதன்மேலும் எண்ணெய் தடவியே ஆக வேண்டும்.

மாடு கறந்து, சோடா போட்டு கேன் கழுவுகிற உங்கள் கைகளும் இந்நேரம் வெடித்திருக்கும் என்று நினைக்கிறேன். கேன் கழுவும்போது ரப்பர் கையுறை மாட்டுங்கள். ராத்திரி கையை நனைத்து, எண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள்.