கூரைக்கு மரமா, இரும்பா?

கலஹா பக்கம் என் மாமா வீடு கட்டுகிறார். சுவர் வளை மட்டத்துக்கு வந்துவிட்டது. "மரம் போடுறதா, பொக்ஸ் பார் அடிக்கிறதா? பாஸ் ரெண்டுக்கும் தலையாட்டுறாரு. நீ படிச்ச புள்ளதானே, விசாரிச்சுச் சொல்லு" என்று தொலைபேசியில் சொன்னார். நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனாலும் விசாரித்தேன். விசாரிக்க விசாரிக்க, இது மாமாவின் கேள்வி மட்டுமல்ல என்று தெரிந்தது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாட்டில் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி மாவட்டத்தில்தான் இழப்பு அதிகம். முற்றாக அழிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபா தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அதன்பின் பேச்செல்லாம் காணியைப் பற்றித்தான். அது நியாயமே. சரிகிற நிலத்தில் எந்தக் கூரையும் நிற்காது. ஆனால் காணி கிடைத்த குடும்பத்துக்கு அடுத்து வருகிற கேள்விக்கு, பாஸைத் தவிர பதில் சொல்ல ஆளில்லை.

ஓடு ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோ. உலோக சீற் 5 கிலோ அளவுதான். இந்த இடைவெளிதான் சட்டகத்தைத் தீர்மானிக்கிறது. ஓட்டின் பாரம் கைமரங்கள் வழியே இறங்கிச் சுவரை வெளியே தள்ளும். அதைப் பிடித்து நிறுத்தக் குறுக்கு வளை வேண்டும். சீற்றுக்கு எதிர்ப் பிரச்சினை: காற்று அதை மேலே தூக்கும். கூரையைச் சுவரோடு கட்டி வைக்காவிட்டால், மரமென்றாலும் இரும்பென்றாலும் போய்விடும். ஆணி மட்டும் போதாது. அது கழன்று வரும். மெல்லிய பொக்ஸ் பாரில் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோகிறது. கண்டி ஈரத்தில் துரு அங்கேதான் தொடங்கும். மரத்துக்குக் கறையான் எதிரி.

மூட்டுதான் விஷயம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்கள் ஒரே பெரிய மர ஆப்பில் வந்து சேர்கின்றன. சுற்றுலாப் பயணிகள் தூண்களின் செதுக்கலைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் மேலேயும் பார்க்கலாம்.

லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் தெரிவே இருந்ததில்லை. வரிசை முழுவதற்கும் ஒரே முகடு. பக்கத்து வீட்டுத் தகரம் பெயர்ந்தால் மழை நம் அடுப்பில் விழும். கூரையை மாற்றவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். நிலம் நம்முடையதல்லவே.

அஸ்பெஸ்டஸ் கதை இன்னும் கசப்பானது. அதன் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் தடுக்கத் திட்டமிருந்தது. 2017 டிசம்பரில், பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். கொழும்பு தடையைத் தள்ளிப்போட்டது. சில நாட்களில் தேயிலைக்கும் வழி திறந்தது. கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேல் என்ன இருக்கலாம் என்பதை, அவர் பறித்த கொழுந்தை வைத்தே பேரம் பேசி முடித்தார்கள். சுவாசப்பை நோய் அந்தப் பேரத்தில் எந்தப் பக்கமும் எழுதப்படவில்லை.

மாமாவுக்கு என் பதில்: சீற் என்றால் எதில் சட்டகம் அடித்தாலும் சரி, சுவரின் மேல் பெல்ட் கொங்கிறீற் வார்க்கும்போதே போல்ட்டுகளைப் புதைத்து வளையை அதில் பூட்டுங்கள், வளையிலிருந்து கைமரத்துக்கு இரும்புப் பட்டி அடியுங்கள். நான்கு பக்கமும் சரியும் கூரை, இருபக்கக் கூரையைவிடக் காற்றைத் தாங்கும். இதற்கான மேலதிகச் செலவு, மொத்தத்தில் சிறியது.

அழைத்துச் சொன்னபோது மாமா சற்று நேரம் பேசவில்லை. பெல்ட்டை முதல் நாளே வார்த்துவிட்டார்களாம். "இனித் துளை போட்டுத்தான் போல்ட் இறக்கணும் மாமா" என்றேன். பாஸிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்.