நுழைவாயிலில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம்

வெளி உணவுக்கு அனுமதியில்லை என்பது நம் நாட்டின் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றின் விதி. அதில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால், முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் பையிலிருக்கும் குளுக்கோஸ் தின்பண்டமன்று, மருந்து. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் அளவில் உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இராட்டின வரிசையில் நிற்கையில் உணவகத்தைத் தேடி ஓட இயலுமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா அதில் உண்டு. முதல் வகை நீரிழிவு இல்லை. ஆகவே வாயிற்காவலரிடம் காட்ட அக்குழந்தைக்கு அடையாள அட்டையும் இல்லை. மருத்துவரின் கடிதம் ஏற்கப்படுவது அன்றைய காவலரின் மனநிலையைப் பொறுத்தது. பின்னால் நிற்போர் முணுமுணுக்க, மகளின் நோயைத் தாய் உரக்க விளக்க, சிறுமி தலைகுனிந்து நின்றதை நாம் கண்டிருக்கிறோம்.

மருத்துவத் தேவைக்கான உணவுக்கு விலக்கு உண்டென நுழைவுச்சீட்டிலேயே அச்சிடப்பட வேண்டும். இன்சுலினை வைக்க முதலுதவி அறையில் ஒரு குளிர்பதனப் பெட்டியும் வேண்டும். (குளிர்பானக் கடைதோறும் அவை இருக்கத்தானே செய்கின்றன!) அதுவரை, புறப்படுமுன் பூங்காவுக்கு எழுதி, அனுமதியை எழுத்திலேயே பெறுங்கள். தொலைபேசியில் சொன்ன அனுமதி வாயிற்காவலரை எட்டியிருப்பதில்லை.