பென்சிலை ஏன் பிடுங்குகிறீர்கள்?

பெற்றோரே, கோபித்துக்கொண்டாலும் சரி, கேட்டுவிடுகிறேன். பிள்ளை இடது கையில் பென்சிலை எடுத்ததும் அதைப் பிடுங்கி வலது கையில் திணிக்கிறீர்களே, எதற்கு? பீச்சாங்கையால் எழுதினால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று அந்தக் காலத்துப் பாட்டிகள் மிரட்டினார்கள். நீங்கள் படித்தவர்களாயிற்றே! சரஸ்வதியை விட்டுவிட்டு மூளையைப் பிடித்துக்கொண்டீர்கள். "இடதுகைக்காரங்களுக்கு வயசானா மறதி நோய் வருமாம், ஆயுசும் கம்மியாம்."

அந்த ஆயுசுக் கதை 1991-இல் கிளம்பியது. தெற்கு கலிஃபோர்னியாவில் இறந்தவர்களைப் பற்றி உறவினர்களிடம் விசாரித்த கோரன், ஹால்பெர்ன் என்ற இரு உளவியலாளர்கள், இடதுகைக்காரர்கள் சராசரியாக 9 ஆண்டு முன்னதாகவே இறப்பதாக எழுதினார்கள். கணக்கில் ஓட்டை இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகளை அடித்து, அதட்டி வலது கைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அதனால் முதியவர்களில் இடதுகைக்காரர் என்று சொல்லிக்கொள்ள ஆளே குறைவு. மிச்சமிருந்தவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். அவர்களில் இறந்தவர்களின் சராசரி வயது குறையாமல் என்ன செய்யும்? நீங்கள் இன்று செய்வதை அன்றைய பெற்றோர் செய்ததால் வந்த பயம் இது!

மறதி நோய்க்கு வருவோம். சொற்களின் பொருளே மெல்ல அழிந்துபோகும் அரிய வகை ஒன்றில் இடதுகைக்காரர்கள் வழக்கத்தைவிட அதிகம் என்று சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2013-இல் எழுதினார்கள். மறுக்கவில்லை. ஆனால் அது மூளை அமைந்த விதத்தைப் பற்றிய சங்கதி. பென்சிலைக் கை மாற்றினால் மூளை மாறிவிடுமா? பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளர் ஸ்கேனில் பார்த்த குழந்தைகளில், கருவிலேயே வலது கட்டைவிரலைச் சூப்பிய 60 பேரும் பிறகு வலதுகைக்காரர் ஆனார்கள். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடதுகைக்காரர். பிள்ளை தாய் வயிற்றிலேயே பெரும்பாலும் முடிவு செய்ததற்கு எல்.கே.ஜி.யில் ஸ்கேலைத் தூக்குகிறீர்கள்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, காது மந்தம், தனிமை எல்லாம் உண்டு. எந்தக் கையால் எழுதுகிறோம் என்பது இல்லை. சிறுவயதில் படிப்புக் குறைவது மட்டும் இருக்கிறது! விரல் முட்டியில் அடி வாங்கி, நோட்டைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்குப் படிப்பு எங்கிருந்து ஒட்டும்?

மறதி நோய்க்குத்தான் பயமென்றால், உங்கள் பிரஷரை எப்போது பார்த்தீர்கள்? முதலில் அதைப் பாருங்கள். பிள்ளை எழுத உட்கார்ந்தால் தாளைச் சற்று இடப்பக்கம் தள்ளி, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி வைத்துக்கொடுங்கள். இடதுகைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக்கொடுங்கள். பள்ளியில் டீச்சர் கை மாற்றச் சொன்னால், வேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.