கற்பு மனைவிக்கு மட்டும்தானா? வேதம் அப்படிச் சொல்லவில்லை!

சர்ச்சில் நாலைந்து கல்யாணப் பிரசங்கம் கேட்டவர்களுக்கு எபேசியர் 5-ம் அதிகாரம் மனப்பாடமாக இருக்கும். சரியாகச் சொன்னால், அதில் பாதி மனப்பாடமாக இருக்கும். மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்கிற பாதி! மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

நீங்களே எண்ணிப் பாருங்கள். மனைவிக்குப் பவுல் சொல்வது 22 முதல் 24 வரை, மூன்றே வசனம். 25-ல் ஆரம்பித்து அதிகாரம் முடிகிறவரை பெரும்பாலும் கணவனைப் பார்த்துத்தான் பேசுகிறார். அவனுக்குக் கொடுக்கிற அளவுகோல், சபைக்காக உயிரைக் கொடுத்த கிறிஸ்துவின் அன்பு. மனைவியிடம் கேட்பது பணிவு, கணவனிடம் கேட்பது உயிர். இதில் எது பெரிய சுமை?

இது பிரசங்க மேடையோடு முடிகிற விஷயம் இல்லை. கணவனுக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று அழுதுகொண்டு வருகிற பெண்ணுக்கு நம் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஜெபம் பண்ணும்மா, பொறுத்துக்கோ, மாறிடுவார்." அதே தப்பை அவள் செய்திருந்தால், "பொறுத்துக்கோ தம்பி" என்று அவனிடம் யாராவது சொல்வார்களா?

இந்த ஓரவஞ்சனை சட்டமாகவே இருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, மனைவி தவறினாள் என்று நிரூபித்தால் போதும், கணவன் விவாகரத்து கேட்கலாம். ஆனால் கணவன் தவறினான் என்பது மட்டும் மனைவிக்குப் போதாது. கூடவே கொடுமை செய்தான், இரண்டு வருடம் கைவிட்டுப் போனான் என்று இன்னொரு குற்றத்தையும் அவள் காட்ட வேண்டும். 1857-ல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தின் சாயல் இது. அவர்கள் 1923-லேயே திருத்திக்கொண்டார்கள். இங்கே நாடாளுமன்றம் அதைத் திருத்தியது 2001-ல்! 132 வருடம் "கிறிஸ்தவர்களின் சட்டம்" என்ற பெயரில் ஓடியதே, அது வேதத்தில் இருக்கிறதா?

இல்லை. மாற்கு 10:11-ஐ எடுங்கள். அந்தக் காலத்து யூத வழக்கத்தில், விபசாரம் என்பது இன்னொருவன் மனைவியோடு சேருவது. அதாவது ஓர் ஆணுக்கு எதிரான குற்றம். இயேசு அதைத் திருப்பிப் போடுகிறார். மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்டுகிறவன் அந்த மனைவிக்கு விரோதமாகவே பாவம் செய்கிறான் என்கிறார். பாதிக்கப்பட்டவள் அவள் என்று சொல்லிவிட்டார்!

மல்கியா 2-ம் அதிகாரம் இன்னும் சூடு. பலிபீடத்தைக் கண்ணீரால் நனைக்கிறார்கள், ஆனாலும் கடவுள் அவர்கள் காணிக்கையை ஏற்கவில்லை. ஏன்? இளமையில் கைப்பிடித்த மனைவிக்குத் துரோகம் செய்தார்கள், அந்த உடன்படிக்கைக்குக் கடவுளே சாட்சி. முதல் வரிசையில் உட்கார்ந்து காணிக்கை போடுகிற ஆண்கள் வாசிக்க வேண்டிய பகுதி இது. 1 கொரிந்தியர் 7:4-ல் பவுல் கணவனின் உடம்பின்மேல் மனைவிக்கே அதிகாரம் என்கிறார். இதை எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறீர்கள்?

"தாவீதுக்கும் சாலொமோனுக்கும் எத்தனை மனைவிகள்!" என்று கேட்பீர்கள். நடந்ததை எழுதி வைப்பது வேறு, நல்லது என்று சொல்வது வேறு. பத்சேபாள் விஷயத்தில் ராஜாவின் முகத்துக்கு நேராகவே நாத்தான் குற்றம் சாட்டினார். சாலொமோனின் இருதயம் வழிவிலகியதற்கு அவன் மனைவிகளைத்தான் 1 இராஜாக்கள் 11 காரணம் காட்டுகிறது. சந்தேகப்பட்ட மனைவிக்கு மட்டும் சோதனை வைக்கிற எண்ணாகமம் 5 ஒருதலைப்பட்சமானதுதான், மறைக்கவில்லை. ஆனால் பரிசேயர் மோசேயின் சட்டத்தைக் காட்டி விவாகரத்து பற்றிக் கேட்டபோது, மனிதரின் கடின இருதயத்துக்காகத் தரப்பட்ட அனுமதி அது என்று சொல்லி, இயேசு படைப்பின் ஆரம்பத்துக்கே போனார். கிறிஸ்தவன் நிற்க வேண்டிய இடம் அதுதானே?

மன்னிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் துரோகம் செய்த துணையை மன்னித்துச் சேர்த்துக்கொண்டதற்கு வேதத்தின் பெரிய உதாரணம் யார்? ஓசியா. ஒரு கணவன்! அந்தக் கதையை மனைவிமார்களிடம் மட்டும் சொல்லி அனுப்புவது என்ன நியாயம்?

முதலில் தப்பு செய்தவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் உறவை முறித்து, உண்மையை ஒத்துக்கொண்ட பிறகு அவளிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசலாம். அதுவும் அவள் விரும்பினால். இதை மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: எபேசியர் 5-ஐ 24-ம் வசனத்தோடு மூடிவைத்துவிட்டு வராதீர்கள்.