கேள்வி நேரம்: பழைய கேம்கார்டர் டேப் கணினியில் ஏறவில்லையா?

கேள்வி: அப்பா செய்த ஒற்றை நாற்று நடவு, 2006-இல் மினி-டி.வி. கேம்கார்டரில் எடுத்தது. அவர் இப்போது இல்லை. பிள்ளைகளுக்காக எடிட் செய்து வைக்க ஆசை. யூ.எஸ்.பி. வயரில் இணைத்தால் படம் வரவில்லை. டேப் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கோளாறு வயரில்தான். இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் யூ.எஸ்.பி. வழியே மெமரி கார்டுப் புகைப்படங்கள் மட்டுமே வரும். டேப்பில் உள்ள படத்துக்கு ஃபயர்வயர் இணைப்பு தேவை. சோனி கேமராவில் அதற்கு 'ஐ.லிங்க்' என்று பெயர். புதிய கணினிகளில் அந்த இணைப்பு இருக்காது. பழைய கணினி வைத்திருக்கும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் விசாரியுங்கள்.

டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். நன்றாக இருந்தால், சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள். ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரமும், சுமார் 13 ஜி.பி. இடமும் வேண்டும்.

எடிட்டிங் மென்பொருள் அந்தக் கோப்பை ஏற்காவிட்டால், 'ஹேண்ட்பிரேக்' என்னும் இலவச மென்பொருளில் எம்.பி.4 ஆக மாற்றலாம். அதில் 'டீஇன்டர்லேஸ்' தேர்வு செய்தால், கை அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் குறையும்.

மூலக் கோப்பு விதைநெல் மாதிரி. அதை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டு, நகலில் மட்டும் வெட்டுங்கள்.