காற்றாலைக்கு ஒரு நீதி, கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு வேறு நீதியா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் அந்தக் காற்று மின்சாரமாக மாறிப் பணமாகக் கொட்டுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே மேற்கிலிருந்து பாய்ந்துவரும் காற்றில், தேவர்குளம் சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் நிழலில்தான் நம் விவசாயத் தொழிலாளி களை எடுக்கிறார். அவற்றைக் கடந்துதான் விசைத்தறித் தொழிலாளி வேலைக்குப் போகிறார்.

இந்த ராட்சத யந்திரங்களை யாரும் தம் இஷ்டத்துக்குச் செய்து நட்டுவிட முடியாது. இறக்கை எவ்வளவு பலம் தாங்கவேண்டும், எந்த வேகக் காற்றில் எவ்வளவு மின்சாரம் தரவேண்டும், அதை எப்படி அளக்கவேண்டும் என்பதற்கெல்லாம் உலகம் முழுமைக்கும் பொதுவான விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை வகுப்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம். காற்றாலைகளுக்கான அதன் விதித்தொகுப்பின் எண் 61400. நமக்குப் பக்கத்திலேயே, கயத்தாறில், தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. டென்மார்க் நாட்டின் உதவியோடு அமைந்த இந்த நிலையத்தில் அந்த உலக விதிகளின்படிதான் காற்றாலைகளைச் சோதிக்கிறார்கள். வகைச் சான்றிதழ் பெற்ற யந்திரம்தான் மத்திய சர்க்காரின் பட்டியலில் ஏறும்.

நல்லது. இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். யந்திரத்தைக் காக்கும் உலக விதி, கயத்தாறு வரை கச்சிதமாக வந்து சேர்ந்திருக்கிறது. மனிதனைக் காக்கும் உலக விதி, ஏன் நம் தெருக் கம்பத்தடிக்கு வந்து சேரவில்லை?

விதிகள் பிறந்த கதை

மின்சாரம் தோன்றிய காலத்தில் ஒவ்வொரு முதலாளியும் தனித்தனி ராஜாங்கம் நடத்தினான். ஒரு கம்பெனியின் விளக்கு இன்னொரு கம்பெனியின் கம்பியில் எரியாது. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில்கூட, லண்டன் நகரத்தில் மட்டும் சுமார் 10 வகை அதிர்வெண்களிலும், 20-க்கும் மேற்பட்ட மின்னழுத்தங்களிலும் மின்சாரம் விற்கப்பட்டது. போட்டி நல்லது, போட்டியால்தான் முன்னேற்றம் என்று இன்றும் பேசுகிறவர்கள் இந்தக் கதையைப் படிக்கவேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட, 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மின்சார மகாநாடு ஒரு சர்வதேச ஸ்தாபனம் வேண்டும் என்று முடிவு செய்தது. 1906-இல் லண்டனில் ஆணையம் பிறந்தது. விஞ்ஞானி கெல்வின் பிரபு அதன் முதல் தலைவர். அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் கர்னல் கிராம்ப்டன். நம் கிணற்று மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் கிராம்ப்டன் என்ற பெயருக்கு மூலவர் அவர்தான். பட்டாளத்து அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். பிறகு மின்சாரக் கம்பெனி முதலாளி. ஆக, இந்த ஸ்தாபனத்தின் தொட்டிலை ஆட்டிய கைகளில் முதலாளியின் கையும் இருந்தது. நம் நாடோ அன்று அடிமை நாடு.

1948 முதல் ஆணையத்தின் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. சுதந்திர இந்தியா அதில் முக்கியமான உறுப்பு நாடு. அதன் உலக மாநாடு 1960, 1997, 2013, 2025 ஆகிய ஆண்டுகளில் டில்லியிலேயே நடந்திருக்கிறது.

இது போல வேறு ஸ்தாபனங்களும் உண்டு. பெரிய மின்பாதைகளைப் பற்றிய சர்வதேச மன்றம் 1921-இல் பாரிசில் தோன்றியது. எந்த நாட்டில் எந்தக் கம்பி அறுந்தது, எந்தக் கேபிள் எரிந்தது, ஏன் எரிந்தது என்று இஞ்சினீயர்கள் அங்கே அறிக்கைகளைக் கொண்டுவந்து வைத்து விவாதிக்கிறார்கள். ஒருவர் பட்ட அடி மற்றவருக்குப் பாடமாகிறது. 1986-இல் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நேர்ந்த கோரவிபத்துக்குப் பிறகு, 1989-இல் அணுமின் நிலையங்களை நடத்துகிறவர்களின் உலகச் சங்கம் அமைந்தது. ஒரு நாட்டின் நிபுணர்கள் இன்னொரு நாட்டின் நிலையத்துக்குப் போய்க் குறைகளைச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிக்கைகள் பொதுமக்கள் கண்ணில் காட்டப்படுவதில்லை. கூடங்குளத்தை அண்டை வீடாகக் கொண்ட நமக்கு இது சின்ன விஷயமல்ல.

நாம் ஏன் இதை ஆதரிக்கிறோம்?

விஞ்ஞானம் எந்தத் தனிமனிதனின் சொத்துமல்ல. அது உலக உழைப்பின் கூட்டு விளைச்சல். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்பாதை மூலம் தென்னிந்திய மின்தொகுப்பு மற்ற பகுதிகளோடு இணைந்தது. அன்று முதல் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரே துடிப்பு, வினாடிக்கு 50 சுற்று. தேவர்குளத்துக் காற்று வடநாட்டுப் பஞ்சாலையை ஓட்ட முடிகிறது. பொது அளவும் பொது விதியும் இல்லாவிட்டால் இது நடக்குமா?

மின்சாரத்தைத் திட்டமிட்டு, நாடு முழுமைக்குமாக நடத்தவேண்டும் என்பதைத் தொழிலாளி வர்க்கம் முதலிலேயே கண்டுகொண்டது. உள்நாட்டுப் போரும் பஞ்சமும் வாட்டிய 1920-ஆம் ஆண்டில், லெனின் தலைமையில் சோவியத் ரஷ்யா மின்மயத் திட்டம் தீட்டியது. சுமார் 200 விஞ்ஞானிகளும் இஞ்சினீயர்களும் உட்கார்ந்து 30 பெரிய மின்நிலையங்களுக்குக் கணக்குப் போட்டார்கள். அந்த சோவியத் நாடு 1991-இல் மறைந்துவிட்டது. ஆனால் அதன் உதவியோடு நெய்வேலியில் எழுந்து, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் நிலையத்தைத் தமிழ்நாடு மறக்க முடியாது. நாடுகள் அறிவைப் பகிர்ந்துகொண்டால் ஏழை வீட்டிலும் விளக்கெரியும் என்பதற்கு அது சாட்சி.

கையுறையின் கதை

இனி விஷயத்துக்கு வருவோம். ஜெனீவா ஆணையம் காற்றாலைக்கு மட்டும் விதி எழுதவில்லை. மின்கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் கைக்கும் எழுதியிருக்கிறது. அந்த விதியின் எண் 60903. அது ரப்பர் கையுறையைப் பற்றியது.

அது சொல்வதைத் தொழிலாளிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கையுறைகளில் 6 வகுப்புகள் உண்டு. ‘0’ வகுப்பு 1,000 வோல்ட் வரைதான் காக்கும். 1-ஆம் வகுப்பு 7,500 வோல்ட் வரை. நம் ஊர்களுக்குள் வரும் 11,000 வோல்ட் பாதைக்கு 2-ஆம் வகுப்பு வேண்டும். அது 17,000 வோல்ட் வரை தாங்கும். அதன் அடையாள நிறம் மஞ்சள். ஒவ்வொரு முறை மாட்டுவதற்கு முன்பும் கையுறையில் காற்றை நிரப்பி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 11,000 வோல்ட்டுக்கான கையுறையை 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பவேண்டும். அலமாரியில் சும்மா கிடந்தாலும் இந்தச் சோதனை தவறக்கூடாது!

இதேபோல, கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் கருவிக்கு விதி உண்டு. லைன் கிளியர் வாங்கிய பிறகும், எங்கிருந்தாவது மின்சாரம் திரும்பி வந்துவிட்டால் உயிரைக் காக்கும் எர்த் ராடுக்கும் விதி உண்டு. நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வெளியிட்டு 2023-இல் புதுப்பித்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், கையுறை, பெல்ட், ஹெல்மெட், எர்த் ராடு எல்லாம் தரவேண்டும் என்கின்றன.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கம்பத்தில் என்ன இருக்கிறது? மழையிலும் புயலிலும் முதலில் ஏறுகிறவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு நிரந்தர வேலையில்லை. விபத்து நேர்ந்தால், அவர் எங்கள் ஆளே இல்லை என்று கைகழுவும் வழக்கம் எத்தனை ஊர்களில்! 2021-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குச் சொல்கிறது. இவர்களில் கம்பத்தில் ஏறியவர்களும் உண்டு. அறுந்து கிடந்த கம்பியை வயலில் மிதித்தவர்களும் உண்டு. காற்றாலை இறக்கை ஒன்று முறிந்தால் ஏனென்று கேட்கக் கம்பெனியும் பாங்கும் இன்ஷூரன்சும் ஓடிவருகின்றன. தொழிலாளியின் கை கருகினால் ஓடிவருவது அவருடைய மனைவியும் பிள்ளைகளும்தான்!

மோட்டார் ஏன் எரிகிறது?

கிணற்று மோட்டாரும் தறி மோட்டாரும் எரிவதிலும் இதே அநியாயம் ஒளிந்திருக்கிறது. அழுத்தம் 100-க்கு 80 ஆகக் குறைந்தால், மோட்டாரின் இழுவை 80 ஆகக் குறையும் என்று நினைப்போம். அப்படியல்ல. 80-ஐ 80-ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும். இழுவை 64-க்கு விழுந்துவிடும். ஆனால் தூக்கவேண்டிய தண்ணீர் குறையவில்லை. மோட்டார் திணறுகிறது, கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, சூடேறுகிறது, கடைசியில் காயில் கருகுகிறது. காயில் கட்டும் செலவு விவசாயி தலையில். பாசனம் நின்றால் கூலி வேலையும் நின்றுபோகிறது. தறி நின்றால், நெய்த அளவுக்குக் கூலி வாங்கும் தொழிலாளியின் அன்றைய அடுப்பும் நின்றுபோகிறது.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் வரும் அழுத்தம் நூற்றுக்கு 6-க்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று நிர்ணயித்தன. டிரான்ஸ்பார்மருக்கும் உலக விதி உண்டு. அதன் சுருளில் மிகச் சூடான இடம் 98 டிகிரி வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும், உள்ளே சுற்றியிருக்கும் காகிதம் இருமடங்கு வேகத்தில் கிழடாகிறது. சுமக்க முடியாத பாரத்தை ஏற்றினால் டிரான்ஸ்பார்மரும் நம்மைப்போலத்தான், சீக்கிரம் செத்துப்போகும்!

2023-ஆம் ஆண்டில் தமிழக அரசு விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரத்தை இலவசமாக்கியது. வரவேற்கத்தக்கது. விவசாயப் பம்புசெட்டுக்கும் இலவசம்தான். ஆனால் இலவசமாக வரும் மின்சாரம் இளைத்துப்போய் வரலாமா?

விதியை எழுதும் அறையில் யார்?

ஜெனீவாவுக்குப் போகும் பிரதிநிதிகள் யார்? நாடு விட்டு நாடு போய் நாள் கணக்கில் கமிட்டியில் உட்கார யாருக்கு வசதி உண்டு? பெரும்பாலும் யந்திரம் செய்து விற்கும் கம்பெனிகளுக்குத்தான். எழுதப்படும் விதிப்புத்தகமும் விலைக்குத்தான் கிடைக்கும். விலை ஸ்விஸ் நாணயத்தில்! லைன்மேனின் உயிரைக் காக்கும் புத்தகம் லைன்மேன் வாங்க முடியாத விலையில் விற்கிறது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

இதற்காக அந்த ஸ்தாபனங்கள் வேண்டாம் என்று சொல்வது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். இஞ்சினீயர்களின் கூட்டு அறிவை முதலாளிக்குப் பயன்படும் பக்கங்களில் மட்டும் அமல்செய்து, தொழிலாளிக்குப் பயன்படும் பக்கங்களை மடித்துவைக்கும் சூழ்ச்சியைத்தான் நாம் எதிர்க்கிறோம். புத்தகம் முழுவதும் அமலாகட்டும்!

நமது கோரிக்கைகள்

1. கம்பத்தில் ஏறும் ஒவ்வொரு குழுவுக்கும் சோதித்த கையுறை, மின்சாரம் காட்டும் கருவி, எர்த் ராடு கொடுக்கவேண்டும். கடைசியாகச் சோதித்த தேதியைப் பிரிவு அலுவலகப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

2. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் பாதுகாப்பில் பேதம் கூடாது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

3. பாதையின் கடைக்கோடியில் உள்ள கிணற்றிலும் தறிக்கூடத்திலும் அழுத்தத்தை அளந்து, ஊரறிய வெளியிடவேண்டும். பாரம் தாங்காத டிரான்ஸ்பார்மருக்குத் துணையாக இன்னொன்று வைக்கவேண்டும்.

4. பாதுகாப்பு விதிகளைத் தமிழில் அச்சிட்டு இலவசமாக வழங்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கமிட்டிகளில் மின்சாரத் தொழிலாளர் சங்கங்களுக்கு இடம் வேண்டும்.

5. மின்வினியோகம் பொதுத்துறையிலேயே நீடிக்கவேண்டும். லாபத்துக்காக வருகிறவன் முதலில் வெட்டுவது பாதுகாப்புச் செலவைத்தான்.

மின்வாரியத் தோழர்கள் மட்டும் கேட்டுப் பெறக்கூடிய கோரிக்கைகளல்ல இவை. தறித் தொழிலாளியும் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவர்களோடு தோள்சேர்ந்து நிற்கவேண்டும். நம் வீட்டு விளக்கு எரிவதற்காக மழையில் கம்பம் ஏறுகிறவர் நம் சகோதரர். அடுத்த முறை உங்கள் தெருவில் ஒருவர் ஏறும்போது, “அண்ணே, கையுறை எங்கே?” என்று உரக்கக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அது பேச்சு. ஊரே கேட்டால் அது போராட்டம்!