ஒடிவது மட்டும் அடையாளம் ஆகாது

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் குமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் காளான் பேச்சும் தொடங்கிவிடும். பறிப்பதில் தவறில்லை. அடுக்களையில் நடக்கும் சோதனைகள்தான் ஆபத்து. வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, மஞ்சள்தூளின் நிறம் மாறவில்லை, புழு அரித்திருக்கிறது; ஆகவே தின்னலாம் என்கிறார்கள். மூன்றும் பொய்.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பலர் தேயிலைத் தோட்டத்து ஏழைகள்.

பார்க்க வேண்டியது காளானின் உடம்பை. ருசுலா என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். தொப்பி சிவப்பு, ஊதா, பச்சை என்று பல நிறத்தில் வரும். அடித்த மழையில் சாயம் வெளுத்தும் போகும். எனவே நிறத்தை நம்ப முடியாது. தண்டை வளைத்தால் நார் கிழியாமல் சாக்பீஸ் மாதிரிச் சட்டென ஒடியும். சதையில் நீள இழைகளுக்கு நடுவே உருண்டைச் செல்கள் கொத்துக்கொத்தாக இருப்பதே காரணம். பொதுவாகத் தண்டில் வளையமோ, அடியில் கிண்ணமோ இருக்காது. இதே போல ஒடிந்து, வெட்டிய இடத்தில் பாலும் கசிந்தால் அது லாக்டேரியஸ்.

மரமும் ஓர் அடையாளம். ருசுலா சில மரங்களின் வேரோடு கூட்டு வைத்தே வாழும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கோங்கு இன மரங்கள் அப்படிப்பட்டவை. ரப்பர் வேருக்கு அந்த உறவு இல்லை. ரப்பர் தோட்டத்தில் தனியாக நிற்கும் சிவப்புத் தொப்பியை ருசுலா என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

ஒடிவது இனத்தை அறிய உதவும். தின்னலாமா என்பது தெரியாது. ஐரோப்பாவில் ருசுலாவைத் துளி கடித்துத் துப்பிப் பார்ப்பார்கள். காரம் இல்லாவிட்டால் சட்டிக்குப் போகும். ஜப்பானிலோ ருசுலா சப்நிக்ரிகன்ஸ் தின்றவர்கள் தசை சிதைந்து செத்திருக்கிறார்கள். கடித்துப் பார்க்கும் வித்தையை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம்.

பறிக்கும்போது தண்டில் நறுக்காமல் அடிமண்ணைக் கிளறி எடுக்க வேண்டும். புற்றுக்காளானின் வேர் போன்ற தண்டு கரையான் புற்றுவரை இறங்கும். கொல்லும் அமானிட்டாவுக்கோ மண்ணுக்குள் கிண்ணம் இருக்கும். நறுக்கினால் அந்தச் சாட்சி மண்ணிலேயே தங்கிவிடும். அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தி வரவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

இந்த மலைகளின் பழங்குடியினரான காணி மக்களுக்கு மலைக்காளான் பழக்கமானது. அவர்களின் மூத்தவர்களோடு உட்கார்ந்து, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் படங்களோடு ஒரு தமிழ்க் கையேடு போட வேண்டும். அதுவரை, பேர் உறுதியாகத் தெரியாத காளானைச் சட்டியில் போடாதீர்கள்.